வேலைக்குப் பக்கத்தில் வீடு: வடசென்னையும் பெருநகரத் திட்டமிடலும்



காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடிவதற்கு வெகு முன்பே களைகட்டிவிடும். கூடையில் மீன் விற்கும் பெண்கள் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அங்கே நின்றாக வேண்டும். ஐஸ் உடைப்பவர், பெட்டி தூக்குபவர், படகுக்கு டீசல் ஏற்றுபவர் எல்லோருக்கும் அதே நேரம்தான். அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. பேருந்தை நம்ப முடியாது. ஆகவே அவர்களுடைய வீடு நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு இறக்குபவருக்கும், மணலியில் ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும் இது பொருந்தும். கட்டுப்படியாகிற வீடு என்று நாம் பேசும்போது வாடகையையும் தவணையையும் மட்டும் கணக்கில் எடுக்கிறோம். வேலைக்குப் போய்வரும் செலவையும், போக முடியாமல் போன வேலையையும் அதில் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

அந்தக் கணக்கைப் போடாமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரம் ஏழைகளுக்கு வீடு கட்டியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று எல்லாமே தெற்கு விளிம்பில். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் ஒரே இடத்தில் எழுந்தன. ராயபுரத்திலிருந்து அங்கே போக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஏன் அந்த இடம்? அங்கே அரசின் கையில் பெருநிலம் கிடைத்தது என்பதுதான் முதன்மையான காரணம். நகரம் முழுவதையும் ஒரே பார்வையில் வைத்து, எந்த வேலை எங்கே இருக்கிறது, யார் எங்கே குடியிருந்தால் பிழைக்க முடியும் என்று பார்த்து எடுத்த முடிவாக அது தெரியவில்லை. குடிசை மாற்று வாரியம் தனக்குக் கிடைத்த நிலத்தில் கட்டியது. மாநகராட்சி நீர்நிலை ஓரங்களைக் காலி செய்தது. நகரத்தை முழுவதுமாகப் பார்க்கும் பொறுப்புள்ள அமைப்பின் குரல் இந்த இரண்டுக்கும் நடுவே கேட்கவில்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தைத்தான் சொல்கிறேன். சிஎம்டிஏ என்றால் எல்லோருக்கும் புரியும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. அதன் எல்லை முதலில் 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. இன்று சாதாரண மனிதருக்கு சிஎம்டிஏ என்றால் பிளான் அப்ரூவல் வாங்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. இன்றைய பேச்சில் நான் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புவது அந்தப் பழைய கதையைத்தான்.

1977-ல் உலக வங்கிக் கடனுடன் மதராஸ் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அன்று எம்எம்டிஏ என்ற பெயரில் இருந்த இதே குழுமம்தான் ஒருங்கிணைப்பாளர். வீட்டுவசதி வாரியம், குடிசை மாற்று வாரியம், மாநகராட்சி, குடிநீர் வாரியம் எல்லாம் ஒரே திட்டத்தின் கீழ் வந்தன. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் மனையும் வசதிகளும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. அரசு முழு வீட்டைக் கட்டித் தரவில்லை. சாலை போட்டது, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பதித்தது, சிறுசிறு மனைகளாகப் பிரித்தது. மிக ஏழைக்கான மனை ஒரு சென்ட்டை ஒட்டியிருக்கும். அதில் ஒரு கழிவறையும் அடித்தளமும் இருக்கும். மீதியைக் குடும்பம் தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம். அதே மனைப்பிரிவில் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய மனையும், முக்கில் கடைக்கான மனையும் இருந்தன. பெரிய மனைகளை விற்று வந்த லாபம் சிறிய மனைகளின் விலையைத் தாங்கியது. ஏழையும் நடுத்தர வர்க்கமும் ஒரே தெருவில் குடியேறினர்.

தொடக்கத்தில் இதைத் தோல்வி என்றார்கள். மனைகள் காலியாகக் கிடக்கின்றன, ஆட்கள் குடிவரவில்லை என்றார்கள். மும்பையிலும் சென்னையிலும் இதே முறையில் அமைந்த பகுதிகளை இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. உயிரோட்டமுள்ள, பலதரப்பட்ட வருமானக்காரர்கள் வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருப்பதை அந்த ஆய்வு காட்டியது. கொடுங்கையூரில் குப்பைமேட்டை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள், அதே ஊரில் அந்த மனைப்பிரிவுத் தெருக்களிலும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஒரு மாடி, இரண்டு மாடி, கீழே கடை, மேலே ஒரு போர்ஷன் வாடகைக்கு. குடும்பம் தானே கட்டியது, தானே வளர்த்தது. மணலி புதுநகரும் அந்தக் காலத்துப் பெருநகரக் குழுமத்தின் முயற்சிதான். தொழிற்சாலை வடக்கே இருக்கிறது, ஆகவே குடியிருப்பும் வடக்கே வேண்டும் என்ற சரியான நினைப்பு அதன் பின்னால் இருந்தது. அங்கே குடியிருப்போர் வெள்ளத்தையும் புகையையும் அனுபவித்துக்கொண்டிருப்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உலக வங்கித் திட்டங்கள் முடிந்தன. ஒருங்கிணைக்கும் வேலையும் மெல்ல மெல்ல நின்றுபோனது. குழுமம் அனுமதி வழங்கும் அலுவலகமாகச் சுருங்கியது. 2008-ல் அரசு ஒப்புதல் தந்த இரண்டாம் முழுமைத் திட்டம் வீட்டுத் தேவையைப் பற்றி நிறையவே பேசுகிறது. ஆனால் எந்த நகராட்சி, எந்த ஊராட்சி எத்தனை எளியோர் வீட்டுக்கு இடம் தர வேண்டும் என்று பகிர்ந்து தரவில்லை. என் பார்வையில் இதுதான் பெரிய குறை.

இப்படிப் பகிர்ந்து தருவது புதுமையான யோசனை ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரைச் சுற்றியுள்ள வட்டாரத் திட்டக்குழு 1970-லேயே இதைச் செய்தது. ஏழைகளுக்கான வீடுகளை நகரின் நடுப்பகுதியிலேயே குவிக்காமல், புறநகர்கள் ஒவ்வொன்றும் தன் பங்கை ஏற்க வேண்டும் என்று எண்ணிக்கை போட்டுக் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் இன்று இது சட்டம். மாநில அரசு வட்டாரத்துக்கு ஒரு மொத்த எண்ணைத் தருகிறது. வட்டார அமைப்பு அதை ஊர்வாரியாகப் பிரிக்கிறது. அதற்கு ஏற்ப எங்கே நிலம் இருக்கிறது என்று ஒவ்வொரு ஊரும் தன் திட்டத்தில் காட்டியாக வேண்டும். சண்டையும் வழக்கும் அங்கே ஏராளம். ஆனாலும் எண் என்று ஒன்று இருப்பதால்தான் சண்டை போடவாவது முடிகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். வடசென்னையில் நிலமே இல்லை என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரைச் சாலையில் ஒருமுறை போய்வந்தால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-ல் ராயபுரத்தில் திறந்தது. பிறகு துறைமுகம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், எம்ஆர்எஃப், கார்போரண்டம் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரை இன்று மெட்ரோ நிலையமே தாங்கி நிற்கிறது. 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலையும், அதையடுத்து எண்ணூர் அனல்மின் நிலையமும் வந்தன. ஒவ்வொன்றும் ஏக்கர் கணக்கில் நிலம் எடுத்தது. நிரந்தரத் தொழிலாளி சிலருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மற்றவர்கள் குப்பத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே தாங்களே இடம் தேடிக்கொண்டார்கள்.

இன்று இந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் யார்? துறைமுகம், ரயில்வே, மின்வாரியம், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள், கோயில் நிலத்தை நிர்வகிக்கும் அறநிலையத் துறை, புறம்போக்கை வைத்திருக்கும் வருவாய்த் துறை, இரண்டு வீட்டு வாரியங்கள், மூடிய ஆலைகளின் தனியார் முதலாளிகள். மாநகராட்சியின் கையில் இருப்பது பள்ளிக்கூடம், மார்க்கெட், மயானம், விளையாட்டுத் திடல் போன்றவைதான். ஒரு வார்டு உறுப்பினர் துறைமுகத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதலாம், பதில் வராது. மண்டலக் குழுத் தலைவர் ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு நடக்கலாம், அந்த அதிகாரி பேச வேண்டிய இடம் டெல்லி என்பார். திருவொற்றியூரும் மணலியும் கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தன. அந்த ஆண்டு ஒன்பது நகராட்சிகளோடு மற்ற ஊர்களையும் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகியபோது அவை மாநகராட்சியின் மண்டலங்களுக்குள் வந்தன. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கேட்பதற்குக்கூட மக்கள் பிரதிநிதி இல்லை.

ஆக, உள்ளாட்சிக்கு வீட்டு விஷயத்தில் முதலாவதாகத் தேவைப்படுவது பணமல்ல, தனக்காக நிலம் பேசும் ஓர் அமைப்பு. அத்தனை நிலச் சொந்தக்காரர்களையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடிய அமைப்பு பெருநகரக் குழுமம்தான். யாருடைய நிலமானாலும் அதன் பயன்பாட்டை வரைபடத்தில் வகைப்படுத்தும் அதிகாரம் அதனிடம் இருக்கிறது. தொழிற்சாலைப் பகுதி என்று வண்ணம் தீட்டிய நிலத்தில் அடுக்குமாடி கட்ட வேண்டுமென்றால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவின்கீழ் வகைமாற்றம் பெற வேண்டும். அந்த ஒரு கையெழுத்தில் நிலத்தின் மதிப்பு பல மடங்கு ஏறுகிறது. உரிமையாளர் அதற்காக ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. மக்களின் பெயரால் ஓர் அரசு அமைப்பு தந்த மதிப்பு அது.

பெரம்பூர் பின்னி ஆலையை நினைத்துப் பாருங்கள். பி அண்ட் சி மில் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வடசென்னைக்குச் சோறு போட்ட இடம். 1921-ன் பெரும் வேலைநிறுத்தம் நடந்த இடம். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1996-ல் ஆலை மூடியது. இன்று அந்த வளாகத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கே வேலை செய்தவரின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் அதில் ஒரு வீடு வாங்கியிருக்க முடியும்? வகைமாற்றம் தரும் நாளில், ஏறிய மதிப்பில் ஒரு பங்கை அதே வளாகத்தில் எளியோர் வீடாகக் கொடு என்று சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பணமாகக் கட்டிவிட்டுப் போ என்று சொல்வது போதாது. பணம் வேறெங்கோ போய்ச் சேரும், நிலம் திரும்பி வராது. வடசென்னையில் இனி மூடவிருக்கும் ஆலைகளுக்கும், 2017-ல் நின்றுபோன எண்ணூர் அனல்மின் நிலையத்தின் குடியிருப்பு வளாகம் போன்ற இடங்களுக்கும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது.

மனைப்பிரிவுகளுக்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு ஹெக்டேரைத் தாண்டிய மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் மனைப்பிரிவுகள் வேகமாக முளைக்கின்றன. அந்தச் சிறு மனைகள் யார் பெயரில் பதிவாயின, இரண்டு மூன்றைச் சேர்த்து ஒருவரே வளைத்துக்கொண்டாரா என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து அந்தந்த ஊராட்சி, பேரூராட்சிக்குத் தருவது குழுமத்துக்குப் பெரிய வேலையாக இருக்காது. பதிவுத் துறையோடு ஒரு கணினி இணைப்பு போதும்.

இருக்கும் வீடுகளைப் பற்றியும் பேச வேண்டும். 2021 டிசம்பர் 27 அன்று காலை, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு கட்டடம் அப்படியே சரிந்தது. 24 வீடுகள். விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. சில நிமிடங்கள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது இந்தியாவுக்கே அது முன்னோடி. இருக்கும் இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதுதான் அதன் தொடக்க காலப் பெருமை. அந்தப் பழைய கட்டடங்களை இப்போது இடித்துக் கட்டுகிறார்கள். அது நல்ல வேலை, இருக்கும் இடத்திலேயே நடப்பதால் இன்னும் நல்ல வேலை. ஆனால் கட்டி முடியும் வரை குடும்பம் எங்கே போகும்? வாடகைக்காக அரசு தரும் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தினார்கள். ஒன்றரை ஆண்டில் வேலை முடியும் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. தண்டையார்பேட்டையில் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும், அட்வான்ஸுக்கு எங்கே போவது என்று இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறுகிறது, ரேஷன் கடை மாறுகிறது, வட்டி ஏறுகிறது. இதற்குத் தனி வார்டாலும் தனி வாரியத்தாலும் விடை காண முடியாது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மூன்று மண்டலத்துக்கும் பொதுவாக, பக்கத்திலேயே நிரந்தரமான இடைக்காலக் குடியிருப்பு ஒன்று வேண்டும். ஒரு குடியிருப்பார் போனதும் அடுத்தவர் வருவார்கள். எந்தக் கட்டடத்தை எந்த வரிசையில் இடிப்பது என்ற அட்டவணையும் அதனோடு சேர்ந்தே வரும்.

பட்டா இன்னொரு முடிச்சு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சொந்த மனையில் கட்டுவோருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சமும் மாநில அரசு தன் பங்காக ஒரு தொகையும் தருகின்றன. மனை சொந்தம் என்று காட்டப் பட்டா வேண்டும். குப்பங்களில் பாட்டன் காலத்திலிருந்து குடியிருப்பவரிடம் வீட்டுவரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, பட்டா இல்லை. 2024-ல் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை உடனடி அனுமதி கிடைக்கிறது. நடுத்தர மக்களுக்கு அது பெரிய நிம்மதி. அதே நிம்மதியைக் கால் சென்ட், அரை சென்ட் வீட்டுக்கும் தர வேண்டுமானால் குறுகிய சந்துக்கு ஏற்ற கட்டட விதியைக் குழுமம் தனியாக எழுத வேண்டும், அளவையாளரை மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். குடிசைப்பகுதிச் சட்டத்தின்கீழ் 1971-ல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-ல் மேலும் 17. அதன்பின் நெடுங்காலம் பட்டியல் அப்படியே நின்றது. பட்டியலில் இல்லாத குடியிருப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

இனி, வேறு கதை என்று முன்பு ஒதுக்கி வைத்த வெள்ளமும் புகையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. அலையாத்திச் செடிகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கருப்பு ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் மேலும் வீடு கட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டவர்களைக் கேட்டால் அவர்களே இதைச் சொல்வார்கள். ஆனால் இந்த நியாயத்தை வைத்தே குப்பங்களைக் காலி செய்யப் பார்ப்பதும் உண்டு. தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் ஆலைகளுக்கு முன்பே இருந்த ஊர்கள். ஆபத்தைக் கொண்டுவந்தது யாரோ அவர்தான் விலக வேண்டும் அல்லது ஆபத்தைக் குறைக்க வேண்டும். புதிதாகக் கட்டும் அடுக்குமாடிகளுக்கு வேறு நியாயம். ஆலையின் வேலியை ஒட்டி, வெள்ளம் வடியும் பள்ளத்தில், நிலம் மலிவு என்பதற்காக ஏழைகளைக் கொண்டு குவிக்கக் கூடாது. எந்த ஆலையிலிருந்து எத்தனை தூரம், எந்தக் கால்வாயின் வெள்ளம் எதுவரை என்று வரைந்து, இங்கே வேண்டாம் என்று வாரியத்திடமும் மாநகராட்சியிடமும் உறுதியாகச் சொல்வது பெருநகரக் குழுமத்தின் கடமை. பழைய ஆலை நிலத்தில் வீடு கட்டுவதானால் மண்ணைச் சோதித்த பிறகே கட்ட வேண்டும்.

குழுமத்தால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு வடசென்னை வளர்ச்சித் திட்டத்தைக் காட்டுவேன். 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயில் அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தொடங்கியபோது அது 4,000 கோடியைத் தாண்டியிருந்தது. குழுமம் முன்னின்று மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், குடிசை மாற்று வாரியத்தின் இன்றைய பெயரான வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பல துறைகளை ஒரே பட்டியலில் சேர்த்தது. கட்டட அனுமதியில் வசூலாகும் வளர்ச்சிக் கட்டணம் உள்ளாட்சிப் பணிகளுக்குத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கிறோம். பழைய குடியிருப்புகளின் மறுகட்டுமானமும் அதில் உண்டு. எம்எம்டிஏ காலத்து ஒருங்கிணைப்பு நாற்பது ஆண்டுக்குப் பிறகு திரும்பியிருக்கிறது என்றே இதை நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். ஆனால் பூங்காவும் சமுதாயக் கூடமும் பேருந்து நிலையமும் வந்தபின் பக்கத்து வாடகை ஏறும். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூரில் வாடகைக்கு இருப்போர் அதை அனுபவித்தே அறிவார்கள். ஆகவே அடுத்த கட்டப் பட்டியலில் நிலமும் வாடகை வீடும் இடம்பெற வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் ஷிப்டு மாற்றிப் படுக்கும் நிலைக்கும் அதில்தான் தீர்வு தேட வேண்டும்.

யார் முடிவெடுப்பது என்பதையும் விட்டுவிடக் கூடாது. 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. பெருநகரத் திட்டக் குழு ஒன்று வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளிடமிருந்து வர வேண்டும் என்று 243இசட்இ பிரிவு சொல்கிறது. சென்னையில் திட்டமிடல் இன்னும் அதிகாரிகளின் கையிலேயே இருக்கிறது. மேலிருந்து ஓர் எண்ணைத் திணித்தால் எந்த ஊராட்சியும் ஏற்காது. தன் பிரதிநிதி உட்கார்ந்து பேரம் பேசி வாங்கிய எண்ணென்றால் ஏற்கும்.

மூன்றாம் முழுமைத் திட்டம் இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த இருபது ஆண்டுக்கான வரைபடம் அது. திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களும் மீஞ்சூர் பேரூராட்சியும் அதைச் சுற்றிய ஊராட்சிகளும் கூடி மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக அனுப்பலாம்: பெருநகரம் முழுவதற்கும் ஊர்வாரியான எளியோர் வீட்டுப் பங்கு, பொதுத்துறை நிலங்களின் வெளிப்படையான பட்டியல், ஆலை நிலம் வகைமாறும்போது அதே இடத்தில் வீட்டுக்கான பங்கு. மண்டலக் குழு இப்படித் தீர்மானம் போட எந்தச் சட்டமும் தடையில்லை. நிலப் பட்டியலுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்தக் கல்லூரியின் புவியியல், பொருளியல் மாணவர்கள் முன்வந்தால், வார்டு உறுப்பினர்களோடு சேர்ந்து தெருத்தெருவாகக் காலி நிலத்தையும் பூட்டிய வளாகத்தையும் குறித்து அதன் முதல் வரைவை இந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். அந்த வேலையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.